க்ளோஜூர் ஸ்கீமா: பிழைச் செய்தியில் முதல் இரண்டு இடங்களில் 'நில்' வருவது ஏன்?

கேள்வி (மன்னார்குடி):
நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகும் எங்கள் உழவர் குழுவுக்காக ஒரு சிறு பதிவு நிரலை க்ளோஜூர் என்ற நிரல்மொழியில் எழுதிவருகிறேன். ரகம், சிப்ப எண்ணிக்கை, அளவீடு என மூன்று உள்ளீடுகளைப் பெறும் ஃபங்ஷன் ஒன்றை, தரவின் வடிவம் சரியா என்று சோதிக்கும் ஸ்கீமா நூலகத்தைக் கொண்டு வரையறுத்திருக்கிறேன். ஜேசன் (தரவை எழுத்து வடிவில் சேமிக்கும் முறை) கோப்பிலிருந்து தரவை எடுத்து அதை அழைத்தால், உள்ளீடு பொருந்தவில்லை என்று சொல்லி இப்படி முடிகிறது:

[நில் நில் (நேம்டு {:ஈரப்பதம் மிஸ்ஸிங்-ரிக்வயர்டு-கீ, "ஈரப்பதம்" டிஸ்அலவ்டு-கீ} அளவீடு)]

'நில்' என்றால் காலி மதிப்புதானே, ரகமும் சிப்ப எண்ணிக்கையும் காலியாகப் போகின்றனவா? அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மேலும், ஈரப்பதம் இல்லை என்றும், அதே ஈரப்பதம் இருக்கக் கூடாது என்றும் ஒரே வரியில் சொல்வது விளங்கவில்லை.

பதில் (கும்பகோணம்):
காலியாகப் போகவில்லை, ஐயா. சதுர அடைப்புக்குள் இருப்பவை நீங்கள் அனுப்பிய மதிப்புகள் அல்ல. ஒவ்வோர் உள்ளீட்டிலும் கண்ட குறைகள். குறை இல்லாத இடத்தில் 'நில்' வரும். எனவே முதல் இரண்டும் தேறிவிட்டன. சிக்கல் மூன்றாவதில், அதன் பெயர்தான் நேம்டு பகுதியின் கடைசியில் இருக்கிறது. சரி என்பதைக் காட்ட இந்தச் சொல்லையா வைப்பது என்ற மனக்குறை எனக்கும் உண்டு.

இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றே. ஸ்கீமா கேட்பது கீவேர்டு (முன்னால் முக்காற்புள்ளி இட்ட பெயர்); ஜேசனைப் பிரித்தபோது உங்களுக்குக் கிடைத்தது ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்). எழுத்து ஒன்றாக இருந்தாலும் க்ளோஜூருக்கு அவை வெவ்வேறு சாவிகள் (மதிப்பைத் தேடி எடுக்க உதவும் பெயர்கள்) என்பதால், கேட்டது வரவில்லை, கேட்காதது வந்திருக்கிறது என்று இருமுறை முறையிடுகிறது. ஜேசனைப் பிரிக்கச் செஷயர் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பார்ஸ்-ஸ்ட்ரிங் அழைப்பில் இரண்டாவது உள்ளீடாக ட்ரூ கொடுத்துப் பாருங்கள்; சாவிகள் கீவேர்டாகவே வரும்.

கேட்டவர்:
சாவிகள் சரியாகிவிட்டன, நன்றி. இப்போது அதே இடத்தில் (நாட் (இன்ஸ்டன்ஸ்? ஜாவா.லாங்.நம்பர் "16.5")) என்று வருகிறது.

பதில் (திருவாரூர்):
அதை உள்ளிருந்து வெளியே படியுங்கள்: "16.5" என்ற மதிப்பு எண்ணா என்று சோதித்தது, அல்ல என்று முடிந்தது. மேற்கோள் குறியே சாட்சி. கோப்பில் ஈரப்பதம் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்யும் இடத்திலேயே எண்ணாக எழுதுவது நல்லது. முடியாவிட்டால், மதிப்புகளை வேண்டிய வகைக்கு மாற்றித் தரும் ஸ்கீமாவின் கோயர்ஸ் பகுதியில் உள்ள ஸ்ட்ரிங்-கோயர்ஷன்-மேட்சரைப் பயன்படுத்துங்கள். பெயரைப் பார்த்து ஜேசனுக்கான மேட்சரை எடுத்தால் அது எழுத்தை எண்ணாக மாற்றித் தராது.

இன்னொன்று: ஸ்கீமாவின் இந்தச் சோதனை, நாமாக இயக்காதவரை, இயல்பில் அணைந்தே இருக்கும். கொள்முதல் நாளில் ஓடும் நிரலிலும் அது வேண்டுமென்றால், அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் ஆல்வேஸ்-வேலிடேட் என்ற மெட்டாடேட்டாவை (வரையறையோடு இணைக்கும் குறிப்பை) சேர்த்துவிடுங்கள்.