நெளி அட்டைப் பெட்டியின் வலிமை எங்கிருந்து வருகிறது?

செல்வி:
வணக்கம். ஊறுகாய் பாட்டில்களை ஐந்து பிளை (அடுக்கு) அட்டைப் பெட்டிகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். தண்ணீர் சிறிதும் படாத கிடங்கிலேயே, மழைக்காலத்தில் அடியில் இருக்கும் பெட்டிகள் பிதுங்கி அமுங்கிவிடுகின்றன. இந்த அட்டை எவ்வாறு தயாரிக்கப்படுகிறது, வெறும் காகிதத்திற்கு இவ்வளவு வலிமை எப்படி வருகிறது என்பதை யாரேனும் விளக்க முடியுமா?

சிவராமன்:
கிராஃப்ட் எனப்படும் உறுதியான பழுப்புக் காகிதச் சுருளை, நீராவியால் சூடேற்றிய இரண்டு பல்லுருளைகளுக்கு இடையே செலுத்தும்போது, காகிதம் இளகி அலை வடிவம் பெறுகிறது. உடனே அலைகளின் முகடுகளில் ஸ்டார்ச் பசை தடவப்பட்டு, ஒரு தட்டைத் தாள் அதன்மேல் அழுத்தப்படுகிறது. இந்தத் தாள் இல்லாவிட்டால் அலை விரிந்து தட்டையாகிவிடும். 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் காப்புரிமை பெற்ற நெளிதாளில் அது இல்லை. 1874இல் அதைச் சேர்த்தவர் ஆலிவர் லாங்.

பசையின் நுட்பம் வியப்புக்குரியது. ஸ்டார்ச்சின் ஒரு சிறு பகுதியை மட்டும் காஸ்டிக் சோடாவுடன் முன்னதாக வேகவைத்து, மீதியைப் பச்சையாகவே கலக்கிறார்கள். அந்தப் பச்சை மாவு, காகிதங்கள் சேரும் இடத்தில் உருளையின் சூட்டால் நொடிப்பொழுதில் வெந்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு அலைத்தாள்களும் மூன்று தட்டைத் தாள்களும் சேர்ந்ததே உங்கள் ஐந்து பிளை அட்டை. பெரிய ஆலைகளில் இவை அனைத்தும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். சிறு பட்டறைகளில் ஒருபக்கம் மட்டும் தாள் ஒட்டிய சுருளை முதலில் தயாரித்து, வெட்டி, பின்னர் தனியாக ஒட்டி அழுத்துகிறார்கள்.

கதிரவன்:
சிவராமன் ஐயா கூறியவற்றோடு, செல்வி அவர்களின் சிக்கலுக்கு நேரடியாகப் பொருந்தும் சிலவற்றைச் சேர்க்கிறேன். தண்ணீர் பட வேண்டியதில்லை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்வதால், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் பெட்டியின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக்கூடக் குறையலாம். மறுசுழற்சியில் ஒவ்வொரு முறையும் இழைகள் குட்டையாவதால், பழைய அட்டையிலிருந்து செய்த காகிதத்தின் வலிமையும் குறைவே. ஆகவே பெட்டி வாங்கும்போது பிளை எண்ணிக்கையோடு நிற்காமல், காகிதத்தின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்), பிஎஃப் (அழுத்தத்தில் கிழியாமல் தாங்கும் வலிமையின் அளவு) ஆகியவற்றையும் கேளுங்கள். மேலிருக்கும் சுமையைத் தாங்கும்படி, பக்கச் சுவர்களில் அலைகள் மேலிருந்து கீழாக நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

செல்வி:
மிக்க நன்றி. அலைகள் நேராகத்தான் நிற்கின்றன. பெட்டிகளைச் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குகிறோம், அது சரிதானா?

கதிரவன்:
அதை முதலில் மாற்றுங்கள். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குபவை பெட்டியின் நான்கு மூலைகளே. மாற்றி அடுக்கும்போது மேல்பெட்டியின் மூலை, கீழ்ப்பெட்டியின் வலுவற்ற நடுச்சுவரில் இறங்குகிறது. மூலைக்கு மூலை பொருந்துமாறு, தரையில் படாமல் மரப்பலகை மீது அடுக்குங்கள்.