டிகம்போஸின் விலாக்கதவை ஒட்டுவது எப்படி?

நண்பர்களே, ஹாஸ்ப்ரோ 1986-ல் வெளியிட்ட 'இன்ஹியூமனாய்ட்ஸ்' பொம்மை ஒன்று பழைய பொருளாக எனக்குக் கிடைத்திருக்கிறது. அழுகிய உடலும் எலும்பு முகமுமாக, ஓரடிக்கு மேல் உயரமான டிகம்போஸ் என்ற அரக்கன். அதன் விலா எலும்புகள் கதவுபோலத் திறக்கும். அரக்கர்களை எதிர்க்கும் எர்த் கார்ப்ஸ் அணியின் வீரன் ஒருவனை நெஞ்சுக்குள் சிறைவைத்து மூடிவிடலாம். குழந்தைகள் பொம்மையில் இவ்வளவு துணிச்சலா என்று இன்றும் வியக்கிறேன்!

என்னுடையதில் இடப்பக்க விலாவின் கீல் முறிந்திருக்கிறது. சாதாரணப் பசையால் ஒட்டினால் திறந்து மூடும்போது மறுபடி விட்டுவிடுமோ என்று பயம். உள்ளே மெல்லிய கம்பி செருகி ஒட்டியவர்கள் இருக்கிறீர்களா? முப்பரிமாண அச்சில் விலாவைச் செய்துதருபவர் யாரையாவது தெரியுமா?

இன்னொன்றும் வேண்டும். இதே பெயரில் வந்த கார்ட்டூன் தொடர் 13 பகுதிகளோடு நின்றது, பொம்மைகளும் நின்றுபோயின. தொடரில் வந்த கேகாயில் என்ற அரக்கனின் பொம்மை கடைக்கு வரவே இல்லை. அணியிலிருந்த சாண்ட்ரா ஷோருக்கும் பொம்மை கிடையாது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த இருவரையும் சொந்தமாகச் செதுக்கியவர்கள் இருந்தால், அளவுகளோடு படம் அனுப்புங்கள். டிகம்போஸுக்குப் பக்கத்தில் இருவருக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.