கவசத்துக்குள் திராட்சைக் கொடி: ஜார்ஜியப் போர்க்கதை நம்பும்படி இருக்கிறதா?

ஆற்றங்கரை:
காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவைப் பற்றி ஒரு கேள்வி. அந்நாட்டு வீரர்கள் போருக்குப் போகும்போது மார்புக் கவசத்துக்குள் திராட்சைக் கொடித் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்வார்களாம். விழுந்தவர் நெஞ்சிலிருந்து கொடி துளிர்க்குமாம். சுற்றுலாக் கட்டுரைகளில் இது வரலாறு போலவே வருகிறது. நடக்கக்கூடியதா? இத்தனை படையெடுப்புக்கும் தப்பி அங்கே ஒயின் தயாரிப்பு எப்படி அறுபடாமல் வந்தது?

கவாத்துக்கத்தி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். திராட்சை போத்திலிருந்து, அதாவது வெட்டி நடும் தண்டுத் துண்டிலிருந்து, முளைக்கும், அது சரி. ஆனால் போத்து வெட்டுவது இலை கொட்டிக் கொடி உறங்கும் குளிர்காலத்தில். பென்சில் பருமன், ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம், மூன்று நான்கு கணு. ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். உடம்புச் சூட்டில், ஈரமில்லாமல் வைத்தால் சில நாட்களில் காய்ந்துவிடும். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள்: பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் விறகு.

இன்னொன்று. ஜார்ஜிய மன்னர் தாவீது வென்ற திட்கோரிப் போர் நடந்தது 1121 ஆகஸ்ட் 12இல். அந்த மாதத்துக் கொடியில் இருப்பது இலையோடு கூடிய இளந்தண்டு; வெட்டிய அன்றே வாடத் தொடங்கும். ஆகவே கதை அப்படியே நிற்காது. 4ஆம் நூற்றாண்டில் அங்கே கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித நினோவின் சிலுவை, கொடித் தண்டுகளைத் தலைமுடியால் கட்டியது என்பது அவர்கள் மரபு. வீரர் கதையும் அதிலிருந்து கிளைத்தது என்றே எனக்குப் படுகிறது.

தாழிமண்:
இரண்டாவது கேள்விக்கு விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. அவர்கள் ஒயின் செய்வது க்வெவ்ரி என்ற முட்டை வடிவத் தாழியில். உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்து வரை தரையில் புதைத்துவிடுவார்கள். பெரிய தாழி ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும். கொள்ளையடிக்க வந்தவன் தூக்கிப் போக முடியாது. கூரை எரிந்தாலும் தாழியின் வயிறு மண்ணுக்குள் இருக்கும்.

கிழக்கு ஜார்ஜியப் பகுதியான ககேத்தியின் முறையில் மிதித்த சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாம் உள்ளே போகும். இந்தச் சக்கைக்குச் சாச்சா என்று பெயர். முதலில் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நொதிக்கும்போது வாயு சக்கையை மேலே தள்ளிப் பொங்கவிடும். தினம் நான்கைந்து முறை அதை அமுக்கிவிட வேண்டும். விட்டால் மேல்சக்கை உலர்ந்து, காற்றுப் பட்டு, காடியாகிவிடும். நொதிப்பு அடங்கியதும் வாய் வரை நிரப்பி, கல் மூடி வைத்து ஈரக் களிமண்ணால் அடைத்தால் ஐந்தாறு மாதம் கையே வைக்க வேண்டாம். நிலத்தடியில் வெப்பம் 14, 15 டிகிரியை ஒட்டியே நிற்கும். போர்க்காலத்தில் ஆள் ஓடி ஒளிந்தாலும் ஒயின் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அடைப்பு விரிந்தால் அந்த ஆண்டு ஒயின் போயிற்று. தாழியில் விரிசல் விட்டால் மண்ணீர் உள்ளே கசியும்; அதுதான் பெரிய சேதம்.

1616இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் படை எரித்த, ககேத்தியிலுள்ள இகால்த்தோ மடத்தில் இன்றும் பழைய தாழிகள் வரிசையாகக் கிடக்கின்றன.

ஆற்றங்கரை:
தாழி தப்பியது சரி. கொடிகளையே வெட்டிப்போட்டால்?

கவாத்துக்கத்தி:
வெட்டினால் போதாது. அந்தக் காலக் கொடிகள் சொந்த வேரில் நின்றவை. தரைமட்டத்தில் வெட்டினாலும் அடுத்த வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும், இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும். செத்த இடத்தைப் பக்கத்துக் கொடியைப் பதியன் போட்டே நிரப்பிவிடலாம். முழுக்க ஒழிக்க வேண்டுமானால் வேரோடு தோண்ட வேண்டும், அதற்கு ஆள்பலமும் நாளும் வேண்டும். (19ஆம் நூற்றாண்டில் வேரை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சி வந்த பிறகு நிலைமை வேறு; அதைத் தாங்கும் வேர்ச்செடியில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்க்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் வளர்வது வேர்ச்செடிதான், நல்ல ரகம் திரும்பாது.)

உண்மையான அடி ஆட்களுக்கு விழுந்தது. 1614 முதல் 1617 வரை நடந்த படையெடுப்புகளில் ஷா அப்பாஸ் ககேத்தியிலிருந்து லட்சம் பேருக்கு மேல் பாரசீகத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார் என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியரே எழுதியிருக்கிறார். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஈரானின் ஃபெரெய்துன்ஷஹரில் ஜார்ஜிய மொழி பேசுகிறார்கள். கவாத்து செய்யக் கையில்லாத கொடி புதராகும்: நிழல் அடைத்து, பூஞ்சை பிடித்து, சிறுத்த புளிப்புக் காய்தான் வரும். ககேத்தி இழந்தது அந்தக் கைகளைத்தான்.

தாழிமண்:
பிற்காலத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். ககேத்தியிலுள்ள சினந்தாலி மாளிகையின் அலெக்சாண்டர் சாவ்சவாட்சே கவிஞர், ரஷ்யப் படைத்தளபதி. ஐரோப்பிய முறையில் ஒயின் செய்து புட்டியில் அடைத்ததும் அங்கேதான். 1854 ஜூலையில், காக்கசஸ் மலையில் ரஷ்யரை எதிர்த்துப் போரிட்ட இமாம் ஷாமிலின் ஆட்கள் அந்த மாளிகையைச் சூறையாடி, அவர் மகன் தாவீதின் குடும்பத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் மலைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து, 1855 மார்ச்சில், ரஷ்யர் பிடியிலிருந்த ஷாமிலின் மகனையும் 40,000 வெள்ளி ரூபிளையும் கொடுத்து மீட்டார்கள். சினந்தாலி பிறகு ரஷ்ய அரச குடும்பத்தின் கைக்குப் போனது. ஒயின் புட்டியின் மேலுள்ள சினந்தாலி என்ற பெயருக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.