‘அவுஸ்ட்’ (oust) என்ற ஆங்கில வினைச்சொல்: வெளியேற்றுவதா, இறக்குவதா?

சொல்தேடி:

வணக்கம். ஆப்பிரிக்க வரலாறு பற்றிய ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வினைச்சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். 1971 ஜனவரியில் உகாண்டாவில் இடி அமீன், அதிபர் மில்டன் ஒபோட்டேயை ‘oust’ செய்தார் என்று ஆங்கில மூலத்தில் இருக்கிறது. நான் பார்த்த அகராதியில் ‘வெளியேற்று’ என்றுதான் முதலில் போட்டிருந்தது. ‘அமீன் ஒபோட்டேயை வெளியேற்றினார்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் தங்கை. “ஒபோட்டே அப்போது காமன்வெல்த் மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார் என்று அடுத்த வரியில் நீயே எழுதியிருக்கிறாயே அக்கா, ஏற்கெனவே வெளியே இருக்கிற ஆளை எப்படி வெளியேற்றுவது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ‘பதவி நீக்கம் செய்தார்’ என்று மாற்றினேன். அதுவும் உறுத்துகிறது. பதவி நீக்கம் என்றாலே மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு உத்தரவு போடுவதுபோல் ஒலிக்கிறது. இங்கே அமீன்தான் கீழே இருந்தவர், ஒபோட்டேயின் ராணுவத் தளபதி.

இந்தச் சொல்லுக்குள் சரியாக என்னதான் இருக்கிறது? எக்ஸ்பெல், எவிக்ட் போன்றவற்றிலிருந்து எங்கே பிரிகிறது? உச்சரிப்பையும் யாராவது சொல்லுங்கள். இதுவரை ‘ஊஸ்ட்’ என்றுதான் வாசித்துவந்தேன்.

பழைய மேசை:

உங்கள் தங்கை சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார். செய்தி மொழிபெயர்ப்பில் இருந்த காலத்தில் இந்தச் சொல்லோடு நிறைய மல்லுக்கட்டியவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ‘அவுட்’ என்று சொல்கிறோமே, அதில் வரும் அதே ‘அவு’தான். அவுஸ்ட். அது ‘ஊஸ்ட்’ இல்லை, ‘ஹோஸ்ட்’ மாதிரி ‘ஓஸ்ட்’டும் இல்லை.

இனி பொருள். இந்த வினை நடந்து முடிந்ததும் காலியாக இருப்பது எது என்று பாருங்கள். எவிக்ட் செய்தால் காலியாவது வீடோ நிலமோ. டிப்போர்ட் என்றால் ஆளையே நாட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்பெல் செய்தால் ஒருவர் கட்சிக்கோ பள்ளிக்கோ நாட்டுக்கோ வெளியே தள்ளப்படுகிறார். அவுஸ்ட் செய்தால் பெரும்பாலும் காலியாவது நாற்காலி. அதில் இருந்தவர் அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, வினை நிறைவேறிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையில். ஒரு நிறுவனத்தின் தலைவரை இயக்குநர் குழு வாக்கெடுத்து அவுஸ்ட் செய்தது என்று செய்தி வந்தது. ‘நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்’ என்று எழுதினேன். அவரோ தலைவர் பதவியை இழந்தபின்னும் அதே குழுவில் இயக்குநராகத் தொடர்ந்தார். மறுநாள் திருத்தம் போட வேண்டியதாயிற்று. வருடங்கள் ஆகியும் அந்தத் திருத்தத்தின் நான்கு வரியும் எனக்கு மனப்பாடம்.

உங்கள் கட்டுரையிலேயே அருமையான ஒப்பீடு கிடைக்கும், கவனித்தீர்களா? அடுத்த வருடம், 1972-ல், இதே அமீன் உகாண்டாவில் வாழ்ந்த ஆசியர்கள் 90 நாளுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கு ஆங்கிலத்தில் எக்ஸ்பெல்தான் போடுவார்கள். ‘வெளியேற்றினார்’ என்ற தமிழ்ச்சொல் அங்கே அப்படியே பொருந்தும். முந்தைய வருடத்துக்கும் அதையே போட்டால் இரண்டு நிகழ்வும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் அந்தச் சொல்லை 1972-க்காகச் சேமித்து வையுங்கள்.

தமிழில் இதற்கென்று ஒரே ஒரு சொல் இல்லை. நான் யார் தள்ளினார்கள் என்று பார்த்து எழுதுவேன். ராணுவம் என்றால் ‘ஆட்சியைக் கவிழ்த்தது’. வாக்காளர்கள் என்றால் ‘ஆட்சியிலிருந்து இறக்கினார்கள்’. நிறுவனத்துக் குழு என்றால் ‘பதவியைப் பறித்தது’. மன்னர் என்றால் ‘அரியணையிலிருந்து இறக்கினார்கள்’, ஆனால் அங்கே ஆங்கிலத்தில் டிப்போஸ் என்ற சொல்தான் அதிகம் வரும். ‘பதவி நீக்கம்’ பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. அதற்குள் விதியும் உத்தரவும் உட்கார்ந்திருக்கின்றன. அவுஸ்ட்டுக்கு விதி கட்டாயமில்லை. தள்ளுகிற பலமும், போக மனமில்லாத ஓர் ஆளும் இருந்தால் போதும்.

தானாகவே ராஜினாமா செய்தவருக்கு இதைப் போட முடியாது. ‘விலகினார்’, ‘விலக்கப்பட்டார்’ இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் இங்கேயும் உண்டு. நம் மொழியில் ஒரு ‘க்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் வேறொரு சொல்தான் வந்து செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று: பின்னால் ‘ஃப்ரம்’ வரும். ‘அவுஸ்ட் அவுட்’ என்று எழுத வேண்டாம், வெளியே என்பது ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

தாழ்வாரம்:

நான் சட்டம் படித்தவள், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்ததே நீதிமன்றங்களில் புழங்கிய நார்மன் பிரெஞ்சு வழியாகத்தான். பழைய பிரெஞ்சில் ‘ஓஸ்தெர்’, இன்றைய பிரெஞ்சில் ‘ஓத்தே’, அதாவது எடுத்துவிடு, அகற்று. பிரெஞ்சுக்காரர்கள் நடுவிலிருந்த ‘ஸ்’ஸை விட்டுவிட்டு அதன் அடையாளமாக ‘ஓ’ எழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி வைத்தார்கள். ஆங்கிலம் ‘ஸ்’ஸை விடவில்லை. இன்னும் பின்னே போனால் லத்தீன் ‘ஒப்ஸ்தாரே’, எதிரே நில், குறுக்கே நில். ஆங்கிலத்தில் தடைக்குச் சொல்லும் ‘அப்ஸ்டகிள்’ இதன் உறவுதான்.

பெயர்ச்சொல் வரும்போது கவனமாக இருங்கள். ‘அவுஸ்டர்’ என்று படித்ததும் தள்ளியவரைச் சொல்கிறார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் அது தள்ளப்பட்ட நிகழ்வு. ‘டின்னர்’, உரிமையை விட்டுக்கொடுப்பதைச் சொல்லும் ‘வெய்வர்’ இவற்றின் கடைசியில் இருப்பதும் இதே பழைய பிரெஞ்சு விகுதிதான். சட்டத்தில் அதற்குத் தனி வாழ்க்கை உண்டு. ஒரு நிலத்துக்கு இரண்டு பேர் கூட்டு உரிமையாளர்கள். ஒருவர் மற்றவரின் உரிமையையே மறுத்து அவரை உள்ளே விடாமல் செய்தால் அது அவுஸ்டர். வெளியே போனவரைத் திரும்ப நுழையவிடாமல் கதவைச் சாத்துவதுகூட இதில் அடங்கும். உங்கள் ஒபோட்டேக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே?

மரநிழல்:

ஆட்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில்கள், அங்கேயே இருந்த சிவப்பு அணில்களைப் பல காடுகளிலிருந்து அவுஸ்ட் செய்துவிட்டன என்று எழுதுவார்கள். ஆங்கில வாக்கியத்தில் தோற்ற அணில் செயப்படுபொருளாக நிற்கிறது. அதே செய்தியை நாம் ‘சாம்பல் அணில்கள் சிவப்பு அணில்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன’ என்போம், இடம்தான் முன்னால் வரும். இந்த மாதிரி இடங்களில் ‘விரட்டின’ என்று போட்டால் ஓடஓடத் துரத்தியதுபோல் ஆகிவிடும்.

சொல்தேடி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கதவைச் சாத்துவது என்று படித்ததும் காட்சி எனக்குத் தெளிந்துவிட்டது. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஒபோட்டே சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில் அமீன் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தார். அடுத்த ஆண்டு ஆசியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார்.’ 1979-ல் தான்சானியப் படைகளும் உகாண்டா போராளிகளும் சேர்ந்து அமீனை இறக்கியதற்கு, போரில் நடந்தது என்பதால், ‘வீழ்த்தின’ என்று போட்டுவிட்டேன்.

தங்கை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள், எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த அத்தியாயம் 1985. மீண்டும் அதிபராகிவிட்ட ஒபோட்டேயை அவருடைய ராணுவமே இரண்டாவது முறை இறக்குகிறது. மூலத்தில் அதே வினைச்சொல். இரண்டாவது தடவையும் ‘கவிழ்த்தது’ போடலாமா என்று நாளைக் காலை அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.