சோலானா: பவுண்டேஷன் ஸ்டேக் இந்த எபோக்கில் மொத்தமாகப் போய்விட்டது, மெயின்நெட்டில் குறை எதுவும் தெரியவில்லை

மின்மினி_நோட்:
வணக்கம். நான் சோலானா பவுண்டேஷன் டெலிகேஷன் திட்டத்தில் (பவுண்டேஷன் தன் சோலை ஸ்டேக்காக, அதாவது பிணையாக, வாலிடேட்டர்களிடம் போடும் திட்டம்) ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வாலிடேட்டர் (பிளாக்குகளைச் சரிபார்த்து வோட் போடும் நோடை நடத்துபவர்). கமிஷன் 5 விழுக்காடு, ஓடுவது ஜிட்டோ என்ற வாலிடேட்டர் மென்பொருள், சர்வர் பிராங்பர்ட்டில். வெளி ஸ்டேக் 2,400 சோல் அளவில் இருக்கிறது. அதற்கு ஈடாகப் பவுண்டேஷன் போட்டிருந்த ஸ்டேக் போன எபோக் (ஸ்டேக் கணக்கு மாறும் சுமார் 2 நாள் சுற்று) வரை இருந்தது. இந்த எபோக் தொடங்கியதும் முழுவதும் டீஆக்டிவேட் ஆகிவிட்டது.

வோட் கிரெடிட் (போட்ட வோட்டுகளுக்குக் கிடைக்கும் புள்ளி) சராசரியை ஒட்டித்தான் வருகிறது. பிளாக் எதுவும் தவறவில்லை. வெர்ஷனும் கேட்ட குறைந்தபட்சத்துக்கு மேலேதான். திட்டத்தின் நிலைப் பக்கத்தில் தகுதியில்லை என்று மட்டும் காட்டுகிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

வடகரை:
உண்மையான சோல் ஓடும் மெயின்நெட்டைப் பற்றி எல்லாம் சொன்னீர்கள், சோதனைக்கான டெஸ்ட்நெட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

மெயின்நெட் ஸ்டேக் கிடைக்க, உங்கள் டெஸ்ட்நெட் வாலிடேட்டர் கடைசி 10 எபோக்கில் குறைந்தது 5 எபோக்காவது தேறியிருக்க வேண்டும். மெயின்நெட் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் இதற்கு விலக்கு கிடையாது. டெஸ்ட்நெட்டுக்குத் தனி வெர்ஷன் கட்டாயமும் உண்டு. மெயின்நெட்டில் ஓடுவதைவிடப் புதிய கிளை அங்கே முதலில் வரும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்:
1. டெஸ்ட்நெட்டைக் குறிவைத்து சோலானா வாலிடேட்டர்ஸ் கட்டளை. உங்கள் ஐடென்டிட்டி (நோடின் அடையாளச் சாவி) டெலின்குவன்ட், அதாவது வோட் போடாமல் பின்தங்கியது, என்று வருகிறதா, எந்த வெர்ஷன் காட்டுகிறது?
2. டெஸ்ட்நெட் வோட்-அக்கவுன்ட் கட்டளை. அதில் எபோக் வாரியாகக் கிரெடிட் வரும். எந்த எபோக்கிலிருந்து விழுந்திருக்கிறது?
3. டெஸ்ட்நெட் ஐடென்டிட்டி கணக்கில் எவ்வளவு இருப்பு? வோட் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. அது காலியானால் நோடு உயிரோடிருக்கும், வோட் மட்டும் போகாது.

சங்கிலி77:
கூடவே இன்னொன்று. ஐடென்டிட்டி சாவியைச் சமீபத்தில் மாற்றினீர்களா? திட்டத்தில் பதிவாகியிருப்பது டெஸ்ட்நெட் ஐடென்டிட்டியும் மெயின்நெட் ஐடென்டிட்டியும் சேர்ந்த ஜோடி. புது சர்வருக்குப் போகும்போது பழைய சாவியைக் கொண்டுபோகாமல் புதிதாக ஒன்று உருவாக்கினால், பதிவில் இருக்கும் நோடு நின்றுபோனதாகத்தான் கணக்கு.

மின்மினி_நோட்:
சாவி மாறவில்லை. டெஸ்ட்நெட் ஐடென்டிட்டியில் 40 சோலுக்கு மேல் இருக்கிறது. கடைசி 10 எபோக்கில் முதல் 4-ல் கிரெடிட் இருக்கிறது, பிறகு 6 எபோக்காகப் பூஜ்யம். டெலின்குவன்ட் என்றுதான் வருகிறது. ஆனால் புராசஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளை நடத்தும் கருவி) ஆக்டிவ் என்றே காட்டுகிறது. வெர்ஷனும் சரி. லாகில் சூப்பர்மெஜாரிட்டிக்குக் (ஸ்டேக்கின் பெரும்பங்கு இணைவதற்கு) காத்திருப்பதாக ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது.

வடகரை:
அந்த லாக் வரியே போதும். இடையில் டெஸ்ட்நெட் கிளஸ்டரை (நோடுகளின் கூட்டம்) மறுதொடக்கம், அதாவது ரீஸ்டார்ட், செய்திருக்கிறார்கள். உங்கள் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் பழைய ரீஸ்டார்ட்டுக்குப் போட்ட மூன்று கொடிகள் அப்படியே கிடக்கும்: வெயிட்-ஃபார்-சூப்பர்மெஜாரிட்டி, எக்ஸ்பெக்டட்-பேங்க்-ஹாஷ், எக்ஸ்பெக்டட்-ஷ்ரெட்-வெர்ஷன். கிளஸ்டர் ரீஸ்டார்ட் ஆனால் ஷ்ரெட் வெர்ஷன் (நோடு எந்தக் கிளஸ்டரைச் சேர்ந்தது என்று காட்டும் எண்) மாறும். பழைய எண்ணோடு எழுந்திருக்கும் நோடு, இப்போது யாருமே இல்லாத ஒரு கிளஸ்டருக்காக வாசலில் நிற்கிறது. புராசஸ் சாகாது. அதனால் சிஸ்டம்டியை மட்டும் நம்பிக் கண்காணிப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

செய்ய வேண்டியது: நோடை நிறுத்துங்கள். டெஸ்ட்நெட் அறிவிப்புச் சேனலில் கடைசி ரீஸ்டார்ட் குறிப்பை எடுத்து ஷ்ரெட் வெர்ஷனைப் புது எண்ணுக்கு மாற்றுங்கள். கிளஸ்டர் இப்போது ஓடிக்கொண்டிருப்பதால் வெயிட்-ஃபார்-சூப்பர்மெஜாரிட்டியும் பேங்க்-ஹாஷும் தேவையில்லை, இரண்டையும் எடுத்துவிடுங்கள். லெட்ஜர் அடைவில் இருக்கும் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை (சங்கிலியின் நிலையைப் பதிந்த நகல்) அழித்துவிட்டு, நோன்-வாலிடேட்டர் (known validator, ஸ்னாப்ஷாட் இறக்க நீங்கள் நம்பும் நோடு) பட்டியலில் இப்போதும் உயிரோடிருப்பவர்கள்தான் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, புது ஸ்னாப்ஷாட் இறங்க விடுங்கள். பிறகு கேட்ச்அப் கட்டளையில் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். குறையாமல் தேங்கி நின்றால் பெரும்பாலும் டிஸ்க்தான் காரணம்: அக்கவுன்ட்ஸும் லெட்ஜரும் ஒரே என்விஎம்இ டிஸ்க்கில் இருக்கக் கூடாது.

டவர் கோப்பில் (உங்கள் நோடு போட்ட வோட்டுகளின் பதிவு) மட்டும் கை வைக்காதீர்கள். டெஸ்ட்நெட்டில் போனால் போகட்டும் என்று விடலாம். அதே பழக்கத்தில் மெயின்நெட்டிலும் அழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மின்மினி_நோட்:
ஷ்ரெட் வெர்ஷன்தான். மாற்றினேன், கேட்ச்அப் ஆகி வோட் போக ஆரம்பித்துவிட்டது. நன்றி சார். 4 ஏற்கெனவே இருப்பதால் இன்னும் ஒரே ஒரு எபோக் தேறினால் 5 ஆகி ஸ்டேக் திரும்பிவிடும், சரிதானே?

வடகரை:
இல்லை. கடைசி 10 எபோக் என்ற ஜன்னல் நகர்ந்துகொண்டே இருக்கும். உங்களுடைய 4 நல்ல எபோக்குகளும் பட்டியலின் பழைய முனையில் இருக்கின்றன. அடுத்த எபோக் தேறினால் ஒன்று கூடும், அதே நேரத்தில் பழைய நல்லது ஒன்று வெளியே விழும். மறுபடியும் 4. இப்படியே நான்கு எபோக் வரை 4-லேயே நிற்கும். ஐந்தாவது எபோக்கில்தான் ஒரு மோசமான எபோக் வெளியேறி, கணக்கு 5 ஆகும். அதாவது இடைவெளி விடாமல் ஐந்து எபோக்.

ஒரு எபோக் 432,000 ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேரத் துண்டு), ஸ்லாட்டுக்கு 0.4 விநாடி, ஆக 2 நாள். 10 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் போடும் ஸ்டேக் அடுத்த எபோக் எல்லையில்தான் ஆக்டிவேட் ஆகும். இப்போது நடக்கிற எபோக் பாதி போய்விட்ட நிலையில் வோட் போடத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் அந்த எபோக் தேறாமலும் போகலாம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதுக்கணு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஒப்புதல் கிடைத்தால் 100,000 சோல் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகை மலிவாகக் கிடைக்கிறது. அங்கே வைக்கலாமா?

சங்கிலி77:
ப்ரோ, 100,000 என்பது உச்சவரம்பு. வெளியாட்கள் உங்களிடம் எவ்வளவு போடுகிறார்களோ அதற்கு ஒன்றுக்கு ஒன்று பவுண்டேஷன் போடும், 100,000 சோல் வரை. வெளி ஸ்டேக் 3,000 என்றால் ஈடும் 3,000. இது போக மீதமிருப்பதைத் தகுதியுள்ளவர்களுக்குப் பிரித்துப் போடுவார்கள். அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

செலவைப் பாருங்கள். ஒரு வோட்டுக்கு 0.000005 சோல். எல்லா ஸ்லாட்டுக்கும் வோட் போட்டால் எபோக்குக்கு 2.16 சோல், ஆண்டுக்கு ஏறத்தாழ 390. வரவு: ஆண்டு விளைச்சல் 6 விழுக்காடு என்று வைத்தால் 100,000 சோல் ஸ்டேக்குக்கு 6,000 சோல் வெகுமதி, அதில் 5 விழுக்காடு கமிஷன் 300 சோல். வோட் செலவுக்கே பற்றவில்லை, சர்வர் வாடகை தனி. மீதி, உங்கள் முறை வரும்போது நீங்கள் உருவாக்கும் பிளாக்குகளின் வருமானத்திலிருந்து வர வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து முன்னுரிமைக் கட்டணம் (பரிவர்த்தனை முந்திச் சேரப் பயனர் கூடுதலாகத் தருவது) முழுவதும் வாலிடேட்டருக்கே வருவதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் மொத்த ஸ்டேக் 40 கோடி சோல் அளவில் இருக்கும்போது 50,000 வைத்திருப்பவருக்கு பிளாக் உருவாக்க எபோக்குக்கு 54 ஸ்லாட் சுமாருக்குத்தான் விழும்.

புதியவர்களுக்கு வோட் செலவில் முதல் ஆண்டு உதவி உண்டு: முதல் மூன்று மாதம் முழுவதும், பிறகு 75, 50, 25 என்று மும்மாதத்துக்கு ஒருமுறை இறங்கும். அந்த ஓராண்டுக்குள் வெளி ஸ்டேக் திரட்டியாக வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த விதி இன்னும் கறார்: புதிதாக ஒருவரைச் சேர்த்தால், 18 மாதமாகத் திட்டத்தில் இருந்தும் வெளி ஸ்டேக் 1,000 சோலைத் தாண்டாத மூன்று பேரை வெளியே அனுப்புவார்கள். என்னைக் கேட்டால் 1,000 சோல் போட யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

வடகரை:
சென்னை பற்றி: வோட் கிரெடிட் இப்போது வேகத்துக்கு ஏற்ப. இரண்டு ஸ்லாட்டுக்குள் வோட் பதிந்தால் 16 கிரெடிட், அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒன்று குறையும். ஸ்டேக்கின் பெரும்பகுதி ஐரோப்பாவில் இருக்கிறது. 400 மில்லி விநாடி ஸ்லாட்டில், அங்கிருந்து ஷ்ரெட் (பிளாக்கின் துண்டு) வந்து சேர்ந்து நீங்கள் ரீப்ளே செய்து (பிளாக்கை மறுபடி ஓட்டிச் சரிபார்த்து) வோட் திரும்பிப் போவதற்குள் நேரம் கரைந்துவிடும். உங்கள் தகுதி மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் முடிவாகிறது, அதனால் தூரம் நேரடியாக அடிக்கும். டெஸ்ட்நெட் நோடை வேண்டுமானால் மலிவான இடத்தில் வைத்துப் பாருங்கள், அதையும் கிரெடிட்டைப் பார்த்துக்கொண்டே.

அதற்காக எல்லோரும் குவிந்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கும் ஓடாதீர்கள், குவியலையும் கணக்கில் எடுப்பார்கள். 2022 நவம்பரில் ஜெர்மன் சர்வர் நிறுவனமான ஹெட்ஸ்னர் சோலானா நோடுகளை ஒரேயடியாக முடக்கியபோது கிளஸ்டரின் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டேக் ஆஃப்லைன் ஆனது. சர்வர் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் விதிமுறையில் கிரிப்டோ தடை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

மின்மினி_நோட்:
ஒரு துணைக் கேள்வி. டெஸ்ட்நெட் சோல் தீர்ந்துகொண்டே வருகிறது, ஃபாசெட் (டெஸ்ட்நெட் சோலை இலவசமாகத் தரும் சேவை) வரம்பு போதவில்லை. அங்கேயும் கமிஷன் 5-தான் வைக்க வேண்டுமா?

சங்கிலி77:
வேண்டாம். 5 என்பது மெயின்நெட்டுக்கு. டெஸ்ட்நெட்டில் 100 வைத்துக்கொள்ளுங்கள், வெகுமதி வோட் கணக்கில் சேரும், அதை வித்ட்ரா செய்து ஐடென்டிட்டிக்கு மாற்றினால் ஃபாசெட்டைத் தேட வேண்டாம். கட்டளை அடிக்கும்போது எந்தக் கிளஸ்டரைக் குறிக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். மெயின்நெட்டில் 100 என்று விழுந்தால் ஸ்டேக் போட்டவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கமிஷனை ஏற்றுவது எபோக்கின் முதல் பாதியில் மட்டுமே செல்லும்.

நீங்கள் ஜிட்டோ என்பதால் இதுவும்: 2024 ஜூனில், சாண்ட்விச் தாக்குதலுக்கு (பயனரின் பரிவர்த்தனைக்கு முன்னும் பின்னும் நுழைந்து லாபம் பறிப்பது) இடம் கொடுக்கும் தனி மெம்பூல்களில் (காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசை) சேர்ந்திருந்த ஆபரேட்டர்களைப் பவுண்டேஷன் திட்டத்திலிருந்தே நீக்கியது. கூடுதல் வருமானம் தருவதாக யாராவது மாற்றியமைத்த பைனரி நீட்டினால் வாங்காதீர்கள்.

வடகரை:
அகேவ்-வாட்ச்டவர் என்ற கண்காணிப்புக் கருவியைத் தனிச் சிறு சர்வரில், வாலிடேட்டர் இருக்கும் பெட்டியில் இல்லாமல், இரண்டு தடவை ஓட விடுங்கள்: ஒன்று மெயின்நெட் ஐடென்டிட்டிக்கு, இன்னொன்று டெஸ்ட்நெட்டுக்கு. டெலின்குவன்ட் ஆனாலும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பு போனாலும் டெலிகிராமுக்குச் செய்தி வரும். குறைந்தபட்ச இருப்பை டெஸ்ட்நெட்டுக்கு 10 சோல் என்று வைத்தால் நாலைந்து எபோக் அவகாசம் கிடைக்கும்.