இந்திராநகரில் நாயுடன் சென்று உண்ணவும் உலவவும் ஏற்ற இடங்கள் எவை?

சிப்பிப்பாறைக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்குப் பணி மாற்றல் கிடைத்ததால் விருதுநகரிலிருந்து பெங்களூரு வந்து, இந்திராநகரில் எச்.ஏ.எல். இரண்டாவது ஸ்டேஜ் பகுதியில் குடியேறியிருக்கிறோம். எங்களுடன் வந்திருப்பது இரண்டு வயதுச் சிப்பிப்பாறைப் பெண் நாய். பெயர் செவலை. ஊரில் வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசு நிலத்தில் காலையும் மாலையும் ஓடித் திரிந்தது, இங்கே அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் பால்கனிக் கம்பி வழியே அணில்களைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறது. வார நாள்களில் இருவருமே வேலைக்குப் போய்விடுவதால், விடுமுறை நாளிலும் அதைப் பூட்டி வைத்துவிட்டு நாங்கள் மட்டும் வெளியே சாப்பிடச் செல்ல மனம் ஒப்பவில்லை.

இப்பகுதியில் நாய்களை அனுமதிக்கும் உணவகங்கள் ஏராளம் என்று இணையத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இருந்த காபிக் கடைக்குச் சென்றபோது, வாசலில் நின்ற ஊழியர் செவலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெருநாய்களை உள்ளே விடுவதில்லை என்றார். அதே நேரத்தில் உள்ளே ஒரு மேசைக்கடியில் லாப்ரடார் ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. கழுத்துப்பட்டை, கயிறு, தடுப்பூசி அட்டை எல்லாம் இருந்தும் திரும்பி வர வேண்டியதாயிற்று. நாட்டு நாய்களையும் மதித்து இடம் தரும் உணவகங்கள் எவை, நடைக்கு எந்தப் பூங்காவுக்குப் போகலாம், இங்கே இதற்கென்று சட்டதிட்டங்கள் ஏதேனும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஹலசூர்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. ஹலசூரிலேயே பிறந்து வளர்ந்து, நாய்களுடனேயே காலம் தள்ளுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியல்களை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். நூறடிச் சாலையிலும் பன்னிரண்டாவது மெயினிலும் கடைகள் திறப்பதும் மூடுவதும் பெயர் மாறுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதால், எந்தப் பட்டியலும் எழுதிய சில மாதங்களிலேயே பழசாகிவிடும். தேர்ட் வேவ், ப்ளூ டோக்காய் போன்று பல கிளைகள் கொண்ட காபிக் கடைகளில் கூட, வெளித்திண்ணை இருக்கும் கிளையில் ஒரு நிலை, கண்ணாடிக் கதவுக்குள் குளிரூட்டிய கிளையில் வேறொரு நிலை. ஆகவே புறப்படுமுன் தொலைபேசியில் கேட்பதே வழி. ஆனால் "நாயை அனுமதிப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் போதாது. நாய் எங்கே உட்கார வேண்டும், அந்த இடம் மழை பெய்தால் நனையுமா, எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும், பாட்டுச் சத்தம் எப்போது தொடங்கும் என்பவற்றையும் கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடையில் நாய்கள் வழக்கமாக வந்து போகின்றன என்று கொள்ளலாம். "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுத்தால் அங்கே போக வேண்டாம்.

நாட்டு நாய் விஷயத்தில் நீங்கள் பட்ட அவமதிப்பு இங்கே புதிதல்ல. விலா எலும்பு தெரிவது சிப்பிப்பாறையின் உடல்வாகு என்பதை அறியாமல், பட்டினி போட்டிருக்கிறீர்கள் என்று வழியில் கடிந்துகொள்பவர்களையும் சந்திப்பீர்கள். தொலைபேசியில் பேசும்போதே, வேட்டை நாய் இனம், முதோள் போன்ற தோற்றம் உடையது என்று சொல்லிவிடுங்கள். பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் நாயைக் கன்னடர்கள் பெருமையாக நினைப்பவர்கள். இராணுவமே அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட செய்தி இங்கே பலருக்கும் தெரியும் என்பதால், அந்தப் பெயரைச் சொன்னதும் குரலே மாறிவிடும். இப்படியொரு சிபாரிசு தேவைப்படுவதே எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் வாசலில் நின்று வாதாடுவதைவிட இது மேல்.

என்னைக் கேட்டால், பெங்களூருவில் நாயுடன் உண்ண மிகப் பொருத்தமான இடம் காபிக் கடையே அல்ல, தர்ஷினிதான். நின்றுகொண்டே சாப்பிடும் சிற்றுண்டிச் சாலை என்பதால், உயரமான வட்ட மேசைகள் பெரும்பாலும் நடைபாதையை ஒட்டியே கிடக்கும். ஒருவர் தட்டை வாங்கி வர, மற்றவர் கயிற்றைப் பிடித்தபடி மரத்தடியில் நிற்கலாம். யாருடைய அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. இட்லியும் வடையும் காபியும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். நாயின் பொறுமையும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்துக்குத்தான் வரும். ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். ராமேஸ்வரம் கஃபே போன்று கூட்டம் சாலை வரை வழியும் இடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே மனிதர்களுக்கே கால் வைக்க இடமிருப்பதில்லை.

பூங்காக்களைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில் நாய்களுக்கு அனுமதியில்லை என்ற பலகை தொங்கும். லால்பாகிலும் விட மாட்டார்கள். கப்பன் பூங்கா விதிவிலக்கு. அங்கே நாய்களுக்கென்று வேலியிட்ட தனித் திடல் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட விடலாம். சிப்பிப்பாறை ஓடத் தொடங்கினால் கூப்பிட்டாலும் திரும்பாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே வேலி இல்லாத எந்த இடத்திலும், எவ்வளவு வெட்டவெளியாகத் தோன்றினாலும், கயிற்றை விட்டுவிடாதீர்கள். கப்பன் பூங்காவிலும் 2022-இல் தோட்டக்கலைத் துறை நாய்களுக்குத் தடை அறிவித்து, நாய் வளர்ப்போர் எதிர்த்த பிறகே நிறுத்தி வைத்தது. கயிறின்றி நாயை விட்டவர்களும் மலத்தை அள்ளாமல் போனவர்களும்தான் அந்தத் தடைக்குக் காரணம் காட்டப்பட்டார்கள். இரண்டு நெகிழிப் பைகளைக் கயிற்றின் பிடியிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட நடைக்கு டிஃபென்ஸ் காலனியின் உட்தெருக்கள் போதும். மரநிழல் உண்டு, காலை ஆறு மணிக்கு வாகனமும் குறைவு. ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கே உரிய நான்கைந்து தெருநாய்கள் இருக்கும். அவற்றுக்குச் சோறு வைப்பவர் யார் என்று விசாரித்து, முதல் சில நாள்கள் அவருடன் சேர்ந்து நடங்கள். அவர் அருகில் இருந்தால் அந்த நாய்கள் செவலையை மோப்பம் பிடித்துவிட்டு விலகிவிடும். வேறெந்தத் தந்திரமும் இதற்கு ஈடாகாது.

அடுப்படிக்காரன் எழுதியது:

தோம்லூரில் சிறியதோர் உணவகம் நடத்துகிறேன். கடைக்காரர் தரப்பையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

உணவுப் பாதுகாப்புக்கான 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, விலங்குகளையும் பறவைகளையும் செல்லப்பிராணிகளையும் உணவு நிறுவனத்துக்குள் விடக் கூடாது என்கிறது. உரிமம் பெற்ற எல்லா உணவகங்களுக்கும் இது பொருந்தும். அதனால்தான் நாய்களை வரவேற்கும் கடைகள் கூடத் திண்ணை, முற்றம், மொட்டை மாடி என்று சமையலறையிலிருந்து விலகிய திறந்தவெளியோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான், வாடிக்கையாளர் அல்லர்.

என் கடையில் நாயுடன் வருபவர்களை முன் முற்றத்தில் அமர்த்துகிறேன். நான் எதிர்பார்ப்பவை மிகச் சில: நாய் தரையில்தான் இருக்க வேண்டும், நாற்காலியில் ஏறக் கூடாது, எங்கள் தட்டில் அதற்கு உணவு வைக்கக் கூடாது, நீர் குடிக்க அதற்கென்று கிண்ணம் கொண்டுவர வேண்டும், கயிற்றை நாற்காலிக் காலில் கட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். பூனையைக் கண்டு நாய் பாய்ந்தால் நாற்காலியும் சேர்ந்தே பாயும். அந்தச் சத்தத்தில் மிரண்டு அது இன்னும் வேகமாக ஓடும். பணியாளர் சூடான சாம்பார் வாளியோடு குறுக்கே வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும். அல்லது உட்கார்ந்திருப்பவரின் தொடைக்கடியில் இருக்கட்டும்.

லாப்ரடாருக்கு இடம் கொடுத்துவிட்டு நாட்டு நாயை மறுத்தது நியாயமே இல்லை. விதியைக் காட்டி மறுப்பதானால் இரண்டையும் மறுத்திருக்க வேண்டும்.

மருந்துப்பெட்டி எழுதியது:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் உணவு குறித்தும் உண்ணி குறித்தும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உணவகங்களில் நாய்க்கு நேரும் கேடு பெரும்பாலும் பாசத்தால் வருவது. பக்கத்து மேசைக்காரர் ஆசையாக ஒரு துண்டை நீட்டுவார். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; ஆகவே சாம்பாரில் நனைந்த இட்லியும் கிரேவியில் கிடந்த கோழித்துண்டும் ஆகாதவை. கேசரியிலும் பொங்கலிலும் இடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட், சைலிட்டால் என்னும் சர்க்கரை மாற்று சேர்ந்த இனிப்புகள் இரண்டும் நஞ்சு. நெய் வழியும் தோசையின் ஓரத்தைத் தின்று கணைய அழற்சியோடு வரும் நாய்கள் உண்டு. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சட்னியும் பொடியும் படாத வெறும் இட்லியில் ஒரு விள்ளல், அல்லது உப்பிடாத வேகவைத்த முட்டை. வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

நீங்கள் ஃப்ரேசர் டவுன் பக்கம், குறிப்பாக மசூதிச் சாலையில் மாலை நேரம் நடக்க நேர்ந்தால், நாயின் வாயிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பிரியாணிக் கடைகளைச் சுற்றி நடைபாதையில் கோழி எலும்பு இறைந்து கிடக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்திக்கொள்ளும். "விடு" என்ற ஒற்றைச் சொல்லுக்கு வாயில் கவ்வியதைக் கீழே போடப் பழக்கிவிட்டால், இந்த ஊரில் உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பெங்களூருவின் மிதமான தட்பவெப்பம் நமக்கு எவ்வளவு இதமோ, உண்ணிக்கும் அவ்வளவு இதம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சலை உள்ளடக்கிய பன்னோய்த் தடுப்பூசி இரண்டையும் ஆண்டுதோறும் போடுவதோடு, உண்ணித் தடுப்பு மருந்தையும் எடைக்கேற்ற அளவில் தவறாமல் கொடுங்கள். திடலிலிருந்து திரும்பியதும் காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலின் அடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். சிப்பிப்பாறைக்குக் குறுமயிர் என்பதால் மிளகளவு உண்ணியும் கையில் தட்டுப்படும். நாய் உண்ணாமல் சுருண்டு கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏரிக்கரையில் நடப்பதானால் ஏரி நீரைக் குடிக்க விட வேண்டாம். கழிவு கலந்த நீரில் படரும் நீலப்பசும்பாசி சில வேளை நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

சிப்பிப்பாறைக்காரி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தர்ஷினி என்ற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. வரும் ஞாயிறு காலை முதல் வேலையாக அதைத்தான் செய்யப் போகிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்களிடம் கார் இல்லாத நிலையில் கப்பன் பூங்காவுக்கு எப்படிச் செல்வது? மேலும், நாயை லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று எங்கள் அடுக்ககத்துச் சங்கச் செயலாளர் வாய்மொழியாகக் கூறியிருக்கிறார். அதற்கு நாங்கள் கட்டுப்பட வேண்டுமா?

ஹலசூர்வாசி எழுதியது:

லிஃப்ட் விஷயத்தில் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுக்கவும் முடியாது, லிஃப்ட்டைப் பயன்படுத்த மறுக்கவோ அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ முடியாது. அதை அச்செடுத்து, தடுப்பூசிச் சான்றையும் இணைத்து, செயலாளரிடம் பணிவான கடிதமாகவே கொடுங்கள். பதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழித் தடைகள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். கூடவே நாய்க்கு மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள். நகரம் முழுவதற்கும் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி இருந்த காலத்தில் கட்டணம் 110 ரூபாயாக இருந்தது. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் வார்டு எதில் சேர்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், உங்கள் நாய் யாரையாவது கடிக்க நேர்ந்து, அதற்கு உங்கள் கவனக்குறைவே காரணம் என்று நிறுவப்பட்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அந்நியர் கூடும் லிஃப்ட்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாயைச் சுவரோரமாக நிறுத்துங்கள்.

கப்பன் பூங்காவுக்கு மெட்ரோவில் போக முடியாது. நாய்களை ஏற்ற மாட்டார்கள். ஊபரில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனிப் பிரிவு 2024-இல் இங்கே தொடங்கப்பட்டது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும், கட்டணமும் சற்றுக் கூடுதல். நான் பெரும்பாலும் ஆட்டோவில்தான் போகிறேன். செயலியில் பதிந்ததும் ஓட்டுநரை அழைத்து, கன்னடத்தில் "நாயி இதே, பர்தீரா?" என்று கேட்டுவிடுவேன். மறுப்பவர் அப்போதே மறுத்துவிடுவார். சம்மதிப்பவருக்குப் பேசிய தொகைக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுப்பேன். ஒரு பழைய போர்வையை இருக்கையின் கீழே தரையில் விரித்து, நாயை உங்கள் இருவரின் கால்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் எம்.ஜி. ரோடு வழியாகச் சிக்னலில் அதிகம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.