இரண்டு குழி, இரண்டு விடை: குல்மார்க் பனியை எப்படிக் கணிப்பது?

குல்மார்க்கில் அஃபர்வத் மலையிலிருந்து, ஸ்கீ ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே ஸ்கீயில் இறங்க வேண்டும். பனி சரியாமல் நிலையாக இருக்கிறதா என்று முடிவெடுக்க முடியவில்லை. வடகிழக்குச் சரிவு, 34 டிகிரி. முந்தாநாள் இரவு முழுக்கப் பனியும் காற்றும்.

பனி அடுக்குகளைப் பார்க்க நேற்று குழி தோண்டினோம். அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பனி. கையில் பிடித்தால் உருண்டையாகவே சேரவில்லை. எக்ஸ்டென்டட் காலம் (Extended Column) சோதனையில், அதாவது பனியைத் தூண் போல வெட்டி மேலே 30 முறை வரை தட்டிப் பார்ப்பதில், 14ஆவது தட்டுக்கே 90 செ.மீ. அகலமும் விரிசல் ஓடியது. கொஞ்சம் தள்ளி அதே சரிவில் இன்னொரு குழி: 30 தட்டுக்கும் அசையவில்லை. வூம்ப் சத்தம், அதாவது காலடியில் பலவீனமான அடுக்கு அமுங்கும் சத்தம், இல்லை (சத்தம் இல்லாததை நான் பெரிதாக நம்புவதில்லை). அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையும் பார்த்தாச்சு. 30 டிகிரிக்குக் குறைவான மாற்றுப் பாதைக்கு நேர் மேலேயும் செங்குத்துச் சரிவுதான்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: இப்படி முரணாக வந்தால் இரண்டாவது குழிக்கு ஏதாவது மதிப்பு உண்டா?